கணினி தேடும் மூலிகை மருந்து: பெருங்குடல் புற்றுநோயை வைத்து ஓர் எளிய அறிமுகம்

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் கீமோ மருந்துகளில் இரினோடிகன் என்று ஒன்று உண்டு. சிங்கப்பூர் மருத்துவமனைகளிலும் டிரிப் வழியாக ஏற்றப்படும் மருந்துதான். அதன் பூர்வீகம் ஒரு மரம். சீனாவில் வளரும் காம்ப்டோதீக்கா என்ற மரத்தில் இருந்த காம்ப்டோதெசின் என்னும் வேதிப்பொருளைத் திருத்தி அமைத்து அதை உருவாக்கினார்கள். நம் வீவக புளோக்குகளில் வாசலோரத் தொட்டிகளில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின் வந்தது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் அதற்கு இடம் இருக்கிறது. ஆகவே, செடிகொடிகளில் புற்றுநோய்க்கு மருந்து இருக்குமா என்று இனிமேல் யாரும் வாதாட வேண்டியதில்லை. இருக்கிறது.

எந்தச் செடியில் இருக்கும் எந்தப் பொருள், உடம்பில் எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பதுதான் சிரமமான கேள்வி. ஒவ்வொரு செடியையும் அரைத்து, சாறெடுத்து, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, புற்றுநோய் செல்களின்மேல் விட்டுப் பார்க்க ஆயுசு போதாது. பணமும் போதாது. அதனால் முதல் கட்டக் கழித்தல் வேலையைக் கணினியிடம் கொடுக்கிறார்கள். எதை முதலில் சோதிக்கலாம், எதை ஒதுக்கலாம் என்று ஒரு வரிசை போட்டுத் தருவது அதன் வேலை. அவ்வளவுதான். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேரும்போது அது "மஞ்சளில் புற்றுநோய் மருந்து, கணினி ஆய்வில் உறுதி" என்று ஆகிவிடுகிறது. கணினி ஆய்வில் எதுவும் உறுதியாவதில்லை. என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

முதலில் இரினோடிகன் கதை

1950களின் பிற்பாதியில் அமெரிக்க வேளாண் துறையில் மன்ரோ வால் என்ற வேதியியலாளர் ஆயிரக்கணக்கான செடிச் சாறுகளை அலசிக்கொண்டிருந்தார். அவர் தேடியது கார்ட்டிசோன் தயாரிக்க உதவும் மூலப்பொருளை. அந்தச் சாறுகள் புற்றுநோய்ச் சோதனைக்கும் போனபோது காம்ப்டோதீக்காவின் சாறு மட்டும் தனித்துத் தெரிந்தது. 1966-ல் அவரும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் சேர்ந்து, அந்த மரத்திலிருந்து காம்ப்டோதெசினைப் பிரித்தெடுத்து அதன் வேதி அமைப்பை வெளியிட்டார்கள்.

அப்புறம்தான் சிக்கல். அந்தப் பொருள் தண்ணீரில் கரையவில்லை. கரைய வைப்பதற்காகச் சோடியம் உப்பாக மாற்றினார்கள். மாற்றியதும் மூலக்கூறில் இருந்த ஒரு வளையம் திறந்துகொண்டது. மருந்தின் வீரியமே அந்த வளையத்தில்தான் இருந்தது. போதாக்குறைக்கு, சிறுநீரின் அமிலத்தன்மையில் வளையம் மறுபடி மூடிக்கொண்டு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது. பரிசோதனையில் சேர்ந்த நோயாளிகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. 1970களில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

இவ்வளவு நடந்தபோதும், அந்தப் பொருள் உடம்பில் எதைப் பிடிக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. 1985-ல்தான் விடை கிடைத்தது: டோபோஐசோமரேஸ் 1 என்ற நொதி. செல் பிரியும் முன் தன் டிஎன்ஏவைப் பிரதி எடுக்க வேண்டும். இரட்டை இழையைப் பிரிக்கப் பிரிக்க முன்பகுதியில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். இந்த நொதி ஓர் இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டிவிடும். காம்ப்டோதெசின் சரியாக அந்த வெட்டுவாயில் போய் உட்கார்ந்துகொண்டு ஒட்டவிடாமல் செய்கிறது. பிரதி எடுக்கும் வேலை அந்த இடத்துக்கு வந்து சேரும்போது டிஎன்ஏ முறிகிறது, செல் சாகிறது. ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் புற்றுநோய் செல்களுக்கு அடி அதிகம்.

இலக்கு தெரிந்த பிறகு வேலை சூடுபிடித்தது. ஜப்பானில் யாகுல்ட் நிறுவனம் அதற்குமுன்பே உருவாக்கியிருந்த, நீரில் கரையும் வடிவமான இரினோடிகன் முன்னுக்கு வந்தது. ஆமாம், ஃபேர்பிரைஸ் குளிர்பெட்டியில் குட்டிப் பாட்டில்களில் இருக்கும் அதே யாகுல்ட். 1996-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. மரத்திலிருந்து மருந்துக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு. அதில் எந்த ஆண்டுகளைக் கணினி மிச்சப்படுத்தியிருக்கும், எதை மிச்சப்படுத்தியிருக்காது என்று யோசித்துக்கொண்டே மேலே படியுங்கள்.

எதைக் குறிவைப்பது?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் பெருங்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் பாலிப் என்ற சிறு வளர்ச்சியாக ஆரம்பித்து, பத்தாண்டு அளவில் மெல்ல மெல்லப் புற்றாகிறது. 50 வயதைத் தாண்டியவர்களை ஆண்டுதோறும் எஃப்ஐடி சோதனை செய்யச் சொல்வது இந்த நீண்ட அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது.

அந்தப் பத்தாண்டில் செல்லுக்குள் மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கெடுகின்றன. வழக்கமாக முதலில் கெடுவது ஏபிசி. பீட்டா-கட்டெனின் என்ற புரதத்தை அவ்வப்போது அழித்து அளவோடு வைத்திருப்பது அதன் பொறுப்பு. அது போய்விட்டால் பீட்டா-கட்டெனின் குவிந்து, செல் பெருகிக்கொண்டே இருக்கிறது. நோயாளிகளில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு கேராஸ் என்ற மரபணு கெட்டு, "பெருகு, பெருகு" என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். பழுதான செல்லைச் சாகச் சொல்லும் பி53 பெரும்பாலும் பிந்திய கட்டத்தில் கெடுகிறது.

மருந்து தேடுகிறவர் இவற்றில் ஒன்றையோ, இவற்றோடு தொடர்புடைய வேறொரு புரதத்தையோ இலக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே இரண்டு இடையூறுகள். ஏபிசி கெட்டுப்போனது என்றால் அந்தப் புரதம் ஒழுங்கான வடிவில் இல்லை என்று பொருள். இல்லாததை எந்த மூலக்கூறும் பிடித்து நிறுத்த முடியாது. அதற்குப் பின்னால் வரும் புரதங்களைத்தான் பார்க்க வேண்டும். கேராஸ் இருக்கிறது, ஆனால் அதன் மேற்பரப்பு வழவழவென்று இருக்கிறது, மருந்து நுழைந்து தங்க நல்ல குழி இல்லை. மனிதப் புற்றுநோயில் அதன் பங்கு 1980களிலேயே தெரிந்தும், அதை நேரடியாகத் தாக்கும் முதல் மருந்துக்கு 2021-ல்தான் அனுமதி கிடைத்தது.

இலக்கைத் தேர்ந்தெடுப்பதற்கும் கணினி வழி ஒன்று உண்டு. நெட்வொர்க் ஃபார்மகாலஜி என்பார்கள். ஒரு மூலிகையின் பொருள்கள் தொடக்கூடிய புரதங்களின் பட்டியலையும் நோயோடு தொடர்புடைய புரதங்களின் பட்டியலையும் வைத்து, இரண்டிலும் வருபவற்றை வலைபோல் வரைந்து, அதிகக் கோடுகள் சேரும் புரதத்தை எடுப்பது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. எந்த மூலிகையைப் போட்டாலும் ஏகேடி1, பி53 என்று அதே நாலைந்து பெயர்கள் மேலே வரும். அவற்றைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் இருப்பதால் தரவுத்தளங்களில் அவற்றுக்குக் கோடுகள் அதிகம். அந்த மூலிகையைப் பற்றி அது புதிதாக ஒன்றும் சொல்லிவிடுவதில்லை.

டாக்கிங்: ஒன்றைச் செய்து பார்ப்போம்

நொதியும் அது பிடிக்கும் பொருளும் பூட்டும் சாவியும் போல என்று 1894-ல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் சொன்னார். டாக்கிங் என்பது அந்தக் கருத்தைக் கணக்காக்கியது. புரதத்தின் முப்பரிமாண வடிவத்தில் குழி எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒரு மூலக்கூறை அதில் பல கோணங்களில், பல மடிப்புகளில் வைத்துப் பார்த்து, எந்த நிலையில் பிடிப்பு நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போடுவது.

இதற்கு இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று, புரதத்தின் வடிவம். எக்ஸ்-கதிர் போன்ற முறைகளில் கண்டறிந்த வடிவங்களை உலகமே புரோட்டீன் டேட்டா பேங்கில் சேர்த்துவைக்கிறது. 1971-ல் 7 வடிவங்களோடு ஆரம்பித்த அது இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே இல்லாத புரதமென்றால் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்த வடிவம் கிடைக்கும். அதை உருவாக்கியவர்களுக்கு 2024-ல் வேதியியல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

இரண்டாவது, மூலிகைப் பொருள்களின் பட்டியல். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் இம்பாட் என்ற தரவுத்தளத்தை 2018-ல் வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைச் செடிகளும் அவற்றில் உள்ள 17,967 வேதிப்பொருள்களும் இருக்கின்றன. எந்தச் செடி, எந்தப் பாகம், என்ன பொருள், அதன் முப்பரிமாண வடிவம் என்ன என்று எல்லாம் ஒரே இடத்தில். பழைய நூல்களிலும் ஆய்வேடுகளிலும் சிதறிக் கிடந்ததைத் தேடித் திரட்டிய பெரிய உழைப்பு அது. தமிழ் வாசகர்களுக்கு இதைப் பற்றி அதிகம் தெரியாமல் இருப்பது எனக்கு ஒரு குறை.

சரி, செய்து பார்க்கலாம். டேட்டா பேங்கில் 1கே4டி என்ற குறியீட்டில் ஒரு வடிவம் இருக்கிறது, 2002-ல் வெளியானது. டோபோஐசோமரேஸ் 1, அது வெட்டிய டிஎன்ஏ, வெட்டுவாயில் உட்கார்ந்திருக்கும் டோபோடிகன் மூன்றும் சேர்ந்த படம். டோபோடிகன் இரினோடிகனுக்குப் பங்காளி; அதுவும் காம்ப்டோதெசினிலிருந்து வந்ததுதான். கோப்பைத் திறந்து, டோபோடிகனை வெளியே எடுத்துத் தனியாக வைக்கிறோம். அது இருந்த இடத்தைச் சுற்றித் திரையில் ஒரு பெட்டி வரைகிறோம், பக்கத்துக்கு 20 ஆங்ஸ்ட்ரோம் அளவில். ஓர் ஆங்ஸ்ட்ரோம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஆட்டோடாக் வினா என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், சாதாரண மடிக்கணினியிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். கறுப்புத் திரையில் 9 வரிகள் வரும். ஒவ்வொரு வரியும் மூலக்கூறு உட்காரக்கூடிய ஒரு நிலை. பக்கத்தில் மைனஸ் குறியோடு ஓர் எண். கிலோகலோரி கணக்கில் பிணைப்பு ஆற்றல் அது. எவ்வளவு கீழே போகிறதோ பிடிப்பு அவ்வளவு இறுக்கம் என்று கொள்ள வேண்டும்.

முதலில் டாக்கிங் செய்ய வேண்டியது புது மூலிகைப் பொருளை இல்லை. வெளியே எடுத்த அதே டோபோடிகனைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்ல வேண்டும். உண்மையில் அது எங்கே, எப்படி உட்கார்ந்திருந்தது என்பது நமக்குத் தெரியுமே. கணினி கண்டுபிடித்த நிலையும் உண்மை நிலையும் 2 ஆங்ஸ்ட்ரோமுக்குள் ஒத்துவந்தால் நம் பெட்டியும் அமைப்புகளும் சரி என்று மேலே போகலாம். ஒத்துவராவிட்டால் அதற்குமேல் வரும் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு பத்தியைத்தான். பல கட்டுரைகளில் அது இருக்காது.

அப்புறம் நிலவேம்பை எடுத்துக்கொள்வோம். தமிழர், மலாய்க்காரர், சீனர் மூன்று தரப்புமே மருந்தாகப் பயன்படுத்திவரும் செடி. அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடை அதே பெட்டியில் விட்டால் அதற்கும் ஓர் எண் வரும். மைனஸ் 8 என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து பார்க்கலாம். கோப்பிலிருந்து டிஎன்ஏவை அழித்துவிட்டு, வெறும் நொதியை மட்டும் வைத்து டாக்கிங் செய்தால் என்ன ஆகும்? காம்ப்டோதெசின் வகைப் பொருள்கள் தனி நொதியில் உட்காருவதில்லை, தனி டிஎன்ஏவிலும் உட்காருவதில்லை. நொதி டிஎன்ஏவை வெட்டிப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் உண்டாகும் இடைவெளியில்தான் உட்காருகின்றன. டிஎன்ஏ இல்லாவிட்டால் அந்த இடமே கிடையாது. ஆனாலும் மென்பொருள் முணுமுணுக்காமல் 9 வரிகளைத் தரும், பார்ப்பதற்கு நல்ல எண்களோடு. "இப்படி ஓர் இடமே இல்லையே" என்று அது சொல்லாது. புரதத்தின் வேலை என்ன என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்தான் பிழைத்தோம்.

அந்த எண்ணை எப்படி வாசிப்பது?

ஒரு பொருளுக்கு மைனஸ் 9, இன்னொன்றுக்கு மைனஸ் 8. முதலாவது சிறந்தது என்று எழுதிவிடலாமா? உடல் வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றால் பிடிப்பின் வலிமையில் பத்து மடங்கு வித்தியாசம். இந்த மென்பொருள்களின் வழக்கமான பிழை சுமார் 2 முதல் 3 கிலோகலோரி. அதாவது கணிப்பு நூறு மடங்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தவறிப்போக இடமுண்டு. மைனஸ் 9-க்கும் மைனஸ் 8-க்கும் நடுவே ஜெயித்தது யார் என்று பேசுவதே வீண். பதினெட்டாயிரம் பொருள்களில் மேலே வந்த ஐந்நூறை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுகிறோம் என்றால், அதற்கு இந்தத் துல்லியம் போதும்.

இன்னொரு வில்லங்கம்: பெரிய மூலக்கூறுக்கு மதிப்பெண் தானாகவே கூடும். அணுக்கள் அதிகம், தொடும் இடங்களும் அதிகம். அதனால்தான் செடிகளில் பரவலாக இருக்கும் ரூட்டின் போன்ற சர்க்கரை ஒட்டிய பொருள்கள் எந்த நோய்க்கு டாக்கிங் செய்தாலும் பட்டியலின் தலையில் வந்து நிற்கின்றன. ஒரே பொருள் நீரிழிவு, டெங்கி, கோவிட், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் "சிறந்த வேட்பாளர்" என்று வந்தால், பெருமை அந்தப் பொருளுடையதா, அதன் பருமனுடையதா என்று சந்தேகப்பட வேண்டும்.

பூட்டு அசைகிறது

ஃபிஷர் சொன்ன பூட்டு இரும்பால் ஆனது. புரதமோ உடம்புச் சூட்டில் சதா நெளிந்துகொண்டிருக்கிறது. சுற்றிலும் தண்ணீர். டாக்கிங்கில் பொதுவாகப் புரதத்தை அசையாமல் நிறுத்திவைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். அதனால் மேலே வந்த சில பொருள்களை மட்டும் எடுத்து அடுத்த கட்டமாக மாலிக்யுலர் டைனமிக்ஸ் சிமுலேஷன் செய்வார்கள்: புரதம், மருந்து, ஆயிரக்கணக்கான நீர் மூலக்கூறுகள், உப்பு எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒவ்வோர் அணுவின்மேலும் என்ன விசை, அடுத்த கணம் அது எங்கே நகரும் என்று நியூட்டன் விதிகளின்படி கணக்கிடுவது. இதைப் புரதத்துக்கு முதலில் செய்து பார்த்தது 1977-ல். அப்போது ஒரு சின்னப் புரதத்தை, ஒரு விநாடியில் ஒரு லட்சம் கோடியில் சுமார் ஒன்பது பங்கு நேரத்துக்கு மட்டுமே ஓட்ட முடிந்தது. அந்தக் குழுவின் தலைவர் மார்ட்டின் கார்பிளஸ் 2013-ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இப்போது 100 நானோவிநாடி ஓட்டுவது சர்வசாதாரணம். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தில் பல லட்சத்தில் ஒரு பங்கு. கணினிக்கு 5 கோடி தடவை எல்லா அணுக்களையும் நகர்த்தும் வேலை. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் சில நாளில் முடியும். மருந்து குழியிலேயே தங்கியதா, பாதியில் கழன்று போனதா என்பது தெரியும். கழன்று போனால் அந்தப் பொருளைத் தள்ளிவிடலாம். தங்கியிருந்தால்? நிஜ உடம்பில் மருந்து விநாடிகள், நிமிடங்கள், சில சமயம் மணிக்கணக்கில் பிடித்திருக்க வேண்டும். 100 நானோவிநாடி தங்கியது அதற்குச் சான்றாகாது.

உடம்புக்குள் போன பிறகு

குழியில் பொருந்துவது பாதி வேலைகூட இல்லை. அந்தப் பொருள் கரைய வேண்டும், குடலில் உறிஞ்சப்பட வேண்டும், கல்லீரலைத் தாண்ட வேண்டும், வேறு எதையும் கெடுக்காமல் வெளியேற வேண்டும். இதற்கும் கணிப்பு மென்பொருள்கள் உண்டு. எல்லாரும் முதலில் போடும் தேர்வு 1997-ல் கிறிஸ்டோபர் லிப்பின்ஸ்கி சொன்ன விதி: மூலக்கூறு எடை 500-க்குள், ஹைட்ரஜன் பிணைப்பு கொடுக்கும் இடங்கள் 5-க்குள், வாங்கும் இடங்கள் 10-க்குள், கொழுப்பில் கரையும் அளவு ஒரு வரம்புக்குள் இருந்தால் வாய்வழி மருந்தாக உறிஞ்சப்பட வாய்ப்பு அதிகம். ஆண்ட்ரோகிராஃபோலைடின் எடை சுமார் 350, சுலபமாகத் தேறிவிடும். ரூட்டின் 610, அடிபட்டுப் போகும்.

ஆனால் வின்கிறிஸ்டின் 825. மரத்திலிருந்து வந்த இன்னொரு கீமோ மருந்தான பாக்ளிடாக்சல் 854. இரினோடிகனே 587. இந்த விதியைக் கண்மூடிப் பிடித்திருந்தால் மூன்றையும் குப்பையில் போட்டிருப்போம். அது மாத்திரைக்கான விதி. இவை ஊசி வழியாகப் போகும் மருந்துகள். இயற்கைப் பொருள்கள் பல இந்த விதிக்குள் அடங்காது என்பதை லிப்பின்ஸ்கியே குறித்திருக்கிறார். பெருங்குடலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு: ரத்தத்தில் உறிஞ்சப்படாமல் குடலோடு கீழே போகும் மருந்து, சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. மற்ற நோய்களுக்குக் குறையாக இருப்பது இங்கே குறையாக இல்லாமலும் போகலாம்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் டாக்கிங்கில் எங்கேயும் நன்றாக உட்காரும். ஆய்வகச் சோதனைகளிலும் எல்லாவற்றையும் தடுப்பதுபோல் காட்டும். சிக்கலே அதுதான். அது தானாக ஒளிரும், உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், புரதங்களோடு கண்டபடி வினைபுரியும், கொத்துக்கொத்தாகச் சேரும். இவை சோதனைக் கருவியையே ஏமாற்றக்கூடியவை. அந்த மாதிரிப் பொருள்களுக்கு 2010 முதல் வேதியியலாளர்கள் தனிக் கறுப்புப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, உடம்பின் காரத்தன்மையுள்ள உப்புக் கரைசலில், 37 டிகிரியில், அரை மணி நேரத்தில் 90 விழுக்காடு சிதைந்துவிடுகிறது. மீன்குழம்பில் மஞ்சள் இருக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இப்போது இரினோடிகனுக்குத் திரும்பலாம். நரம்பில் ஏறும் இரினோடிகன் நேரடியாக வேலை செய்வதில்லை. உடம்பின் நொதிகள் அதை வெட்டி எஸ்என்-38 என்ற பொருளாக்குகின்றன. அது பல நூறு மடங்கு வீரியமானது. பிறகு கல்லீரலில் யுஜிடி1ஏ1 என்ற நொதி அதன்மேல் ஒரு சர்க்கரையை ஒட்டிச் செயலிழக்க வைத்துக் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைக் கழற்றித் தின்றுவிட, எஸ்என்-38 மறுபடி உயிர்பெற்றுக் குடல் சுவரைத் தாக்குகிறது. இந்த மருந்தின் பேர்போன வயிற்றுப்போக்குக்கு இது பெரிய காரணம். யுஜிடி1ஏ1 மந்தமாக வேலை செய்யும் மரபணு வகைகளும் உண்டு. அவை சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று இனத்துக்கு இனம் வேறு வேறு அளவில் காணப்படுகின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமான அளவே அதிகமாகிவிடலாம்.

இதில் எதையும் டாக்கிங் சொல்லியிருக்காது. கரையாது என்பதை இன்றைய மென்பொருள் முன்கூட்டியே எச்சரித்திருக்கும். அந்த வகையில் நாற்பதில் ஒரு பத்து ஆண்டு மிச்சமாகியிருக்கலாம், இது என் குத்துமதிப்பு. சிறுநீர்ப்பைப் புண்ணும் குடல் பாக்டீரியாவின் திருவிளையாடலும் மனிதர்களிடம் கொடுத்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

சிங்கப்பூரில்

இந்த வேலைக்கு இங்கே வசதி அதிகம். பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில், அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் உயிர்த்தகவலியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பெரிய கணக்குகளுக்குத் தேசிய சூப்பர்கம்ப்யூட்டர் நிலையம். இம்பாட்டின் பதினெட்டாயிரம் பொருள்களை மடிக்கணினியில் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று ஓட்டினாலே 12 நாளுக்கு மேல் பிடிக்கும். அங்கே வேலையைப் பிரித்துப் போட்டுச் சில மணி நேரத்தில் முடிக்கலாம். திரையில் தேறியதைக் கையில் எடுத்துச் சோதிக்க, செடிகளும் நுண்ணுயிர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்ட இயற்கைப் பொருள் நூலகத்தை ஏ-ஸ்டார் வைத்திருக்கிறது. அங்கிருந்து ஆய்வகத்தில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய் செல்கள், பிறகு எலி, பிறகுதான் மனிதர்கள்.

இங்கேயே உருவாகி மனிதப் பரிசோதனைக்குப் போன மருந்து ஒன்று உண்டு: இடிசி-159. ஏ-ஸ்டாரும் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கியது; பெருங்குடல் உள்ளிட்ட சில புற்றுநோய்களுக்காக 2015-ல் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. செடியிலிருந்து வந்ததல்ல. விண்ட் என்ற சமிக்ஞைப் புரதம் செல்லைவிட்டு வெளியேறாமல் தடுக்கிறது. ஏபிசி கெட்டவர்களுக்கு இது பெரிதாக உதவாது, ஏனென்றால் அவர்களுடைய கோளாறு சமிக்ஞைத் தொடரில் விண்டுக்குப் பின்னால் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் வேறு சில மரபணுக் கோளாறுகள் உள்ள ஒரு சிறு பகுதியினரைக் கருதியே இதைச் செய்தார்கள். இலக்கைத் தேர்ந்தெடுப்பது மனித வேலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

செடியே கையில் இல்லாவிட்டால் கணினிப் பட்டியலால் பயனில்லை என்பதற்கும் நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. 1987-ல் சரவாக் காட்டில் ஒரு மரத்தின் மாதிரியை எடுத்தார்கள். எச்ஐவி கிருமிக்கு எதிராக அது நன்றாக வேலை செய்தது. இன்னும் வேண்டுமென்று திரும்பிப் போனால் மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். அதே வகை மரம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நின்றிருந்தது, எப்போதோ ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்டது. அந்த வகையிலிருந்து கிடைத்த கலனோலைடு மனிதப் பரிசோதனை வரை போனது. மருந்தாக இன்னும் கடைக்கு வரவில்லை.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

இப்படிப்பட்ட ஆய்வுச் செய்திகளைப் படித்துவிட்டு, கீமோவோடு சேர்த்து மூலிகைப் பொடியும் சாப்பிட்டால் கெடுதல் என்ன என்று கேட்கிறார்கள். கெடுதல் இருக்கலாம். மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்ற மூலிகையை இரினோடிகனோடு சேர்த்துக் கொடுத்து நெதர்லாந்தில் பார்த்தார்கள். முடிவு 2002-ல் வெளிவந்தது. ரத்தத்தில் எஸ்என்-38 அளவு 42 விழுக்காடு குறைந்திருந்தது. மூலிகை கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டதால் மருந்து வேகமாகக் கழிந்துபோயிற்று. நோயாளிக்கு வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. ஏறுவது முழு அளவு, வேலை செய்வது பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். வேறு மூலிகைகள் எதிர்த்திசையில் மருந்தின் கழிவைத் தாமதப்படுத்தி நச்சைக் கூட்டவும் முடியும்.

அதனால் தேக்காவில் வாங்கிய சூரணமோ, சீன மருந்துக்கடைப் பொட்டலமோ, ஊரிலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய கஷாயப் பொடியோ எதுவானாலும், அடுத்த முறை புற்றுநோய் மருத்துவரையோ மருந்தாளரையோ பார்க்கும்போது சொல்லிவிடுங்கள். பெயர் சொல்வதைவிடப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போவது நல்லது. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் அந்த லேபிளில் பொடி எழுத்தில்தான் இருக்கும்.